சுற்றுலாப் பட்டியலில் ஒரு கிராமத்துத் தேவாலயமும் இருக்கட்டும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது தமிழ்நாட்டுச் சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். தஞ்சைப் பெரிய கோயில், மதுரை மீனாட்சியம்மன் கோயில், இராமேஸ்வரம், கன்னியாகுமரி. கடைசி நாள் சென்னைத் தியாகராய நகரில் துணிக்கடை. உயர்கல்விக்கூடங்களின் தமிழ்ச் சங்கங்கள் ஏற்பாடு செய்யும் கல்விப் பயணங்களும் பெரும்பாலும் இதே தடத்தில்தான் செல்கின்றன. இவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இராஜராஜ சோழனின் கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் ஒரு தமிழ் மாணவர் வளரக்கூடாது.

ஆனால், கல்விப் பயணம் என்ற பெயரில் போகிறோம் என்றால் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் நிற்கும் பழைய தேவாலயங்கள்தாம் அவை. வேளாங்கண்ணியைச் சொல்லவில்லை, அங்கே நம்மவர்கள் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். வழிகாட்டியோ, நினைவுப்பொருள் கடையோ இல்லாத, பேருந்து நிலையத்தில் இறங்கி வழி கேட்டுப் போக வேண்டிய ஊர்களைச் சொல்கிறேன்.

இதைச் சொன்னவுடன், “நாம் கிறிஸ்தவர் இல்லையே, அங்கே நமக்கென்ன வேலை?” என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். நம் நாட்டில் தமிழன் என்றால் இந்து என்று சமன்பாடு போட்டுவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தேவாலயத்துக்குப் போகும் சக மாணவரைப் பார்த்து, “நீ தமிழனா, கிறிஸ்தவனா?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுபக்கத்தில், தமிழ் வழிபாட்டை விட்டு ஆங்கில வழிபாட்டுக்கு நகர்ந்து, தமிழை வீட்டுப் பெரியவர்களின் மொழியாக மட்டும் வைத்திருக்கும் கிறிஸ்தவ இளையோரும் இருக்கிறார்கள். இரு தரப்பினருக்கும் ஒரே மருந்து, தமிழின் வரலாறு எந்தெந்த ஊர்களில் நடந்தது என்பதை நேரில் போய்ப் பார்ப்பதுதான்.

எரியும் ஏரியும்

திருச்சியில் விமானத்தை விட்டு இறங்கித் தஞ்சாவூருக்குப் போகும் எந்தக் குழுவும் அரை நாள் ஒதுக்கினால் ஏலாக்குறிச்சியைப் பார்த்துவிடலாம். கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம், அரியலூர் மாவட்டத்தில் உள்ள கிராமம் அது. அங்கே அடைக்கல மாதா ஆலயம் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து, 1711ஆம் ஆண்டு வாக்கில் தமிழகம் வந்த பெஸ்கி பாதிரியார், அதாவது நம் பாடநூல்கள் சொல்லும் வீரமாமுனிவர், வாழ்ந்து பணியாற்றிய ஊர். அவர் அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அந்தத் தலத்தின் மீது ஒரு கலம்பகமும் பாடினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக் காப்பியமும் அவருடையதே.

தேம்பாவணியைப் படிக்காதவர்கூட அவருக்குத் தினமும் கடன்பட்டிருக்கிறார். பழைய தமிழ் எழுத்து முறையில் எகரம் குறில் என்றால் அதன் மேல் புள்ளி; புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஒகரத்துக்கும் அப்படியே. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பலர் புள்ளியே இடுவதில்லை. ஆகவே ‘எரி’யா ‘ஏரி’யா, ‘கொடு’வா ‘கோடு’வா என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்று தமிழ் எழுத்து வரலாறு சொல்கிறது. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவர் ‘ஏணி’ என்று எழுதும்போது அந்த ஏகாரத்தின் வடிவத்தில் அவர் கை இருக்கிறது. 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்த காலத்தில், அகர வரிசையில் சொல்லைத் தேடும் வசதியைத் தந்தது. இன்று கைப்பேசியில் சொல் தேடும் மாணவருக்கு அந்த வரிசையின் அருமை தெரியாது. ஏலாக்குறிச்சியில் ஒரு மணி நேரம் நின்றால் தெரியும்.

அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் தரங்கம்பாடி. ஒரு காலத்தில் டென்மார்க் நாட்டவரின் வணிகத்தளம். இன்று மீனவர் வாழும் சிற்றூர். 1706இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலோடு தொடங்கிவிட்டது என்றாலும், பின்னர் நெடுங்காலம் தளர்ந்து கிடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகளைக் கொண்டு தரங்கம்பாடியில் அதற்குப் புத்துயிர் கொடுத்தவர் சீகன்பால்க். 1718இல் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டே, 36 வயதில் இறந்து, அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் செய்த இன்னொரு காரியம் நம் மாணவர்கள் அறிய வேண்டியது. தமிழரின் தெய்வங்களைப் பற்றியும் வழிபாடுகளைப் பற்றியும் கேட்டறிந்து ஒரு பெரிய நூலை 1713இல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். “அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால் அதைப் பரப்பும் நூலை எழுதுகிறாரே” என்ற மனப்பான்மையில் மேலிடம் அதை அச்சிட மறுத்துவிட்டது. அவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகே, 1867இல், அது சென்னையில் அச்சேறியது. மதம் மாற்ற வந்தவர் என்ற ஒரு வரியில் இந்த மனிதரை முடித்துவிட முடியாது. தமிழுக்குத் தொண்டு செய்த மகான் என்ற ஒரு வரியிலும் முடித்துவிட முடியாது. மதம் பரப்பத்தான் வந்தார். வந்த இடத்தில் மொழியிடமும் மக்களிடமும் கற்றுக்கொண்டார். இரண்டும் உண்மை.

பனங்காட்டு நடுவே ஒரு கோபுரம்

தெற்கே திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போவோம். பனைமரங்களும் செம்மண் தேரியும் சூழ்ந்த இடையன்குடியில் கூரிய வளைவுச் சாளரங்களோடு ஐரோப்பியப் பாணியில் ஒரு பெரிய தேவாலயம் நிற்கிறது. இதைக் கட்டியவர் கால்டுவெல். 1838இல் சென்னைக்கு வந்து, நெடுந்தூரம் நடந்தே 1841இல் இந்த ஊரை அடைந்தார். 1847இல் தொடங்கிய ஆலயப் பணி 1880இல்தான் நிறைவுற்றது, 33 ஆண்டுகள். அந்த இடைவெளியில், 1856இல் வெளிவந்தது அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் முதலியன வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்பதை எல்லிஸ் என்ற அதிகாரி 1816இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். அதை விரிவான சான்றுகளோடு நிறுவியது கால்டுவெல்லின் நூல்.

நம் தமிழ்ப்பள்ளி வகுப்புகளில் தெலுங்கு, மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் ‘கண்’ என்றால் தெலுங்கில் ‘கன்னு’, மலையாளத்தில் ‘கண்ணு’ என்று அவர்கள் விளையாட்டாக ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. உலக அறிஞர்கள் தலைவணங்கிய மொழியியல் ஆராய்ச்சியும் அடிப்படையில் அந்த ஒப்பீடுதான். அது நடந்தது லண்டனிலோ சென்னையிலோ அல்ல. இந்தப் பனங்காட்டுக் கிராமத்தை இருப்பிடமாகக் கொண்டவரின் மேசையில். 1891இல் கொடைக்கானலில் இறந்த அவருடைய உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு ஆலயத்துக்குள் புதைக்கப்பட்டது. அவர் வாழ்ந்த வீட்டை 2011இல் தமிழக அரசு நினைவில்லமாக்கியது. அவருடைய மனைவி எலைசா அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கல்வியும் சரிகைப்பின்னல் போன்ற கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார் என்பதையும் அந்த ஊர் மறக்கவில்லை.

ஆனால் அந்த ஊரில் நின்றுகொண்டு இன்னொரு செய்தியையும் நினைக்க வேண்டும். இதே கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ஒரு சிறுநூலில், தம்மைச் சுற்றி வாழ்ந்த பனைத்தொழில் மக்களைத் தாழ்வாகச் சித்திரித்தார். அம்மக்கள் அதை ஏற்கவில்லை, பல்லாண்டுகள் எதிர்த்தார்கள். அருகிலுள்ள நாசரேத் வட்டாரத்தில், சபை ஊழியராயிருந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, வெள்ளையர் அதிகாரத்தை மறுத்து 1857இல் விலகி, ‘இந்து கிறிஸ்தவ சபை’ என்று தனிச்சபையே தொடங்கினார். ஐரோப்பியர் தயவு இல்லாமல் எங்கள் சபையை நாங்களே நடத்துவோம் என்று ஒரு கிராமத்துத் தமிழர் சொன்ன ஆண்டு அது. இந்திய தேசியக் காங்கிரஸ் பிறக்க இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. பிரகாசபுரத்துக்குப் போகாமல் இடையன்குடியை மட்டும் பார்த்தால் பாதிப் பாடமே படித்தவர்கள் ஆவோம்.

அகற்றப்பட்ட தடுப்பு

கசப்பான பாடமும் உண்டு. இடையன்குடிக்குப் போகும் அதே நாளில் பார்க்கக்கூடியது வடக்கன்குளம். திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாயிருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர் என்று அவரைப் பற்றிய வரலாறு சொல்கிறது. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நம் நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கரும் கொண்டாடினார்கள்.

அவர் திருமுழுக்குப் பெற்று 127 ஆண்டுகள் கழித்து, 1872இல், அதே ஊரில் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒரே பீடம்; அதிலிருந்து விரிந்து செல்லும் இரண்டு தனித்தனிக் கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். பீடத்தில் நிற்கும் குருவை இரு தரப்பாரும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. சாதியைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் வரைந்து வைத்த கட்டடம் அது. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் பிரிவினைத் தடுப்பு அகற்றப்பட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கில், தேவாலயத்துக்குள் தனியிடம் கேட்டவர்களுக்குத் தோல்வியே கிடைத்தது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார்.

எல்லாரும் சமம் என்று போதிக்கும் மதத்தின் கூரைக்குள்ளேயே சாதி எப்படி நுழைந்து உட்கார்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடநூல் இல்லை. தடுப்பை எடுக்கவும் முடியும் என்பதையும் அதே கட்டடம் காட்டுகிறது. தோட்டப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த பிறகும் திருமணப் பேச்சில் சாதி கேட்கும் நம் சமுதாயத்தின் பிள்ளைகள் அந்தக் கூடத்தில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் சரி.

மறுப்புகளுக்குப் பதில்

பெற்றோரில் சிலர் தயங்குவார்கள். பிள்ளைகளை வேறு மத வழிபாட்டிடத்துக்கு அழைத்துப் போவது சரியா என்று கேட்பார்கள். தயக்கம் புரிகிறது, ஆகவே ஒரு தெளிவு தேவை. இது வழிபாட்டுப் பயணம் அல்ல. அங்கே யாரும் மண்டியிட வேண்டாம். மண்டியிடுபவரை வேடிக்கை பார்க்கவும் வேண்டாம். மாமல்லபுரத்தைப் பார்க்கும் கிறிஸ்தவ மாணவரும், நாகூர் தர்காவைப் பார்க்கும் இந்து மாணவரும் தங்கள் நம்பிக்கையை இழந்துவிடுவதில்லை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஜூலையில் எல்லா மதத்தாரும் போகும் நாடு இது. இந்தத் தயக்கம் நமக்குப் பொருந்தாது.

இன்னொரு மறுப்பு கனமானது. “பாதிரிமார் மதம் மாற்றத்தான் வந்தார்கள், காலனி ஆட்சியின் நிழலில் வந்தார்கள். அவர்கள் கட்டியதை ஏன் கொண்டாட வேண்டும்?” என்பது அது. கொண்டாடச் சொல்லவில்லை. படிக்கச் சொல்கிறேன். அதோடு, அந்த ஆலயங்களைக் கட்டியவர்கள் பாதிரிமார் மட்டும் என்று நினைப்பதே தவறு. கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், பனைத்தொழில் வருமானத்திலிருந்து காணிக்கை போட்டவர்கள் அந்த ஊர்த் தமிழர்கள். பெயர்ப்பலகையில் வெள்ளைக்காரர் பெயர் இருக்கலாம்; சுவரில் நம்மவர் உழைப்பு இருக்கிறது.

எப்படிப் பார்ப்பது?

படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பேருந்தில் ஏறுவதென்றால் போகவே வேண்டாம். போகுமுன் ஓர் ஊருக்கு ஒரு மாணவர் என்று பொறுப்புக் கொடுத்து, அந்த ஊரின் வரலாற்றைப் படித்து வரச் சொல்லுங்கள். கத்தோலிக்க ஆலயம் என்றால் பங்குத்தந்தைக்கும், தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் என்றால் சேகரகுருவுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். நெல்லைச் சீமைத் தேவாலயங்களில் ‘கோயில்பிள்ளை’ என்று ஓர் ஊழியர் இருப்பார். சாவியும் அவரிடம், ஊர்க்கதைகளும் அவரிடம். வழிபாட்டு நேரத்தைத் தவிருங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள்; கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

உள்ளே போனதும் முதலில் கல்வெட்டுகளையும் கல்லறைகளையும் படியுங்கள். எந்த ஆண்டு, என்ன வயது, எந்த மொழியில் எழுதியிருக்கிறது? கைக்குழந்தைகளின் கல்லறைகள் எத்தனை? அந்தக் காலத்து நோயும் மருத்துவமின்மையும் அங்கேதான் தெரியும். பிறகு வெளியே வந்து பாருங்கள். பல ஊர்களில் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளி இருக்கும். அதன் தொடக்க ஆண்டைக் கேளுங்கள். கொடிமரமும் சப்பரமும் உள்ள கத்தோலிக்கக் கிராமங்களில், பக்கத்து ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் மாதா திருவிழாவுக்கும் என்னென்ன ஒற்றுமை என்று எழுதச் சொல்லுங்கள். தென்மாவட்டக் கிறிஸ்தவர் தேவாலயத்தையும் ‘கோயில்’ என்றே சொல்வார்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம்.

தமிழ்நாடு போக எல்லார் வீட்டிலும் பணம் இருக்காது. அவர்களுக்கும் வேலை இருக்கிறது. நம் ரப்பர் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்ததுபோல், கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த இடங்களில் சிறிய மாதா கோயில்களும் ஜெபக்கூடங்களும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது கோயில்களும் பள்ளிகளும் இடம்பெயர்ந்த கதையை நாம் பேசுகிறோம். இந்தச் சிற்றாலயங்களின் கதையைப் பேச ஆளில்லை. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் படம் எடுங்கள். அங்கே வழிபட்ட மூத்தவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேவாலயங்கள் காக்கும் திருமுழுக்குப் பதிவேடுகளில் பெயரும் பெற்றோர் விவரமும் இருக்கும். குடும்ப வரலாறு தேடும் கிறிஸ்தவ இளையோர் முறையாக அனுமதி கேட்டு அவற்றைப் பார்க்கலாம். இந்த வேலையை இந்து மாணவரும் கிறிஸ்தவ மாணவரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

ஆசிரியர்களுக்கும் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்துக்கான நிரல் தயாராகும்போது துணிக்கடைக்கு ஒதுக்கிய நாளில் பாதியை எடுத்துவிடுங்கள். தஞ்சை வழியாகப் போகிறவர்கள் ஏலாக்குறிச்சியையும், கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் வடக்கன்குளத்தையும் இடையன்குடியையும் அந்த நேரத்தில் எழுதிவையுங்கள். திரும்பி வந்த மாணவர்கள் அவற்றைப் பற்றி எழுதும் கட்டுரைகளை இந்தப் பக்கத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள்.